எண்ணினின்று எழும் இசை

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்களாக வைத்துப் போற்றியது நம் முன்னோர் மரபு. ஆயினும் இக்காலக் கல்லூரிகளில் அவ்விரு கண்களும் வெவ்வேறு கட்டடங்களில் வாழ்கின்றன. எழுத்தைக் கற்போர் எண்ணுள்ள திசையை நோக்குவதில்லை. எண்ணைக் கற்போர் எழுத்துள்ள திசையிற் கால் வைப்பதில்லை. ஆதலின், தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவனொருவன் கணிப்பொறிக்குள் இசைக்கருவி அமைக்கும் கலையைப்பற்றி இம்மலரில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகவும் சிலர்க்கு நகைப்பாகவும் தோன்றக்கூடும். அன்பர்கள் பொறுத்தருளிச் சற்றே செவி சாய்ப்பாராயின், இலக்கணம் பயில்வோனுக்கு இத்துறையினும் அணுக்கமான அயற்றுறை பிறிதொன்றில்லை என்பதனை இயன்றவரை விளக்குவேன். அன்றியும், ஓராண்டாக என் மனத்தை வருத்திவரும் வினாவொன்று உண்டு. அதனை உங்கள்முன் வைத்தலே இக்கட்டுரையின் முதன்மையான நோக்கமாகும்.

மென்பொருள் இசைக்கருவி என்பது மரமும் தந்தியும் தோலும் இன்றிக் கணிப்பொறி இயற்றும் கணக்கினாலேயே ஒலிக்கும் கருவி. பாடல்களைப் பதிந்து தொகுப்போர் தம் கணிப்பொறியில் அதற்கெனப் பெரியதொரு மென்பொருளை வைத்திருப்பர். அதனோடு வேண்டும்போது இணைத்துக்கொள்ளத்தக்க சிறு மென்பொருள்களுக்குப் 'பிளகின்' என்று பெயர். நம் வீட்டு அரிவாள்மணையின் நுனியில் தேங்காய்த் துருவி பொருந்தியிருப்பதுபோல, தாய் மென்பொருளைப் பற்றுக்கோடாகக் கொண்டு இவை தத்தம் தொழிலைச் செய்யும். 1996-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 'வி.எஸ்.டி.' என்னும் இணைப்பு முறையை வெளியிட்டு, எவர் இயற்றிய பிளகினும் அம்முறைக்கு இணங்கிய மென்பொருளிற் பொருந்துமாறு செய்தனர். 1999-இல் அம்முறை விரிவுற்று, விரல் அழுத்தும் கட்டைகளின் ஏவலை ஏற்று ஒலிக்கும் கருவிகளுக்கும் இடமளித்தது. அது முதற்கொண்டு, விடுதி அறையின் மூலையில் அமர்ந்திருக்கும் ஏழை மாணவனும் பெரியதோர் இசைக்குழுவின் ஓசையைத் தன் மடிமேல் வைத்த பொறியினின்று எழுப்ப வல்லனாயினான்.

எண் ஓசையாவது எங்ஙனம் எனின், கூறுவேன். காற்றின் அழுத்தம் ஏறியும் இறங்கியும் அசைவதனால் ஒலி உண்டாகின்றது. அவ்வேற்ற இறக்கத்தைச் சீரான இடைவெளியில் அளந்து குறித்துவைத்தால், அவ்வெண்களின் வரிசையே ஒலியின் வரலாறாகும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடுகளில் ஒரு விநாடிக்கு 44,100 முறை இவ்வாறு அளக்கும் வழக்கம் அமைந்தது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். அவ்வெண்களை அதே விரைவில் மின்னழுத்தமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், மறைந்த ஓசை மீண்டும் பிறக்கும்.

இதற்கு ஒரு விதி உண்டு. ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும் கிளாட் ஷானன் 1949-இலும் எழுதிய ஆய்வுரைகளால் அது நிலைபெற்றது. ஓரொலியில் அடங்கிய மிக விரைந்த அதிர்வைக்காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்ட விரைவில் அளந்தாலன்றி, அவ்வொலி தன் உருவில் மீளாது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்குமாதலின், 44,100 என்னும் அளவு போதியதாயிற்று. இவ்விதியைப் பொருட்படுத்தாது 30,000 அதிர்வுள்ள ஒலியை அக்கணக்கிற் புகுத்தினால், அது 14,100 அதிர்வுள்ள வேறோரொலியாய் மாறுவேடம் பூண்டு வெளிப்படும். பாட்டோடு உறவில்லாத அவ்வோசை, அழையாத விருந்தினன் பந்தியில் வந்து அமர்ந்ததுபோலக் காதுக்குக் கூச்சம் தரும். பிளகின் இயற்றுவோர் தம் உழைப்பிற் கணிசமான பங்கை இவ்விருந்தினனை வாயிலிலேயே தடுப்பதற்குச் செலவிடுகின்றனர்.

இக்கலை தோன்றிய இடம் அமெரிக்க நாட்டு நியூஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுக்கூடம். தொலைபேசித் தொழிலுக்காக நிறுவப்பெற்ற அக்கூடத்தில், மாக்ஸ் மாத்யூஸ் என்னும் பொறியியலறிஞர் 1957-இல் 'மியூசிக்' என்னும் நிரலை எழுதினார். ஐ.பி.எம். 704 என்னும் பேருருவப் பொறி அதனைக் கணக்கிட, நியூமன் கட்மன் என்பார் அமைத்த 17 விநாடிச் சிறு பண்ணொன்று ஒலித்தது. 17 விநாடி இசைக்கு அதனினும் பன்மடங்கு காலம் கணக்கிட வேண்டியிருந்தது. 1961-இல் அக்கூடத்திலேயே ஒரு கணிப்பொறி 'டெய்சி பெல்' என்னும் ஆங்கிலப் பாட்டை மனிதக் குரலை ஒத்த குரலிற் பாடிற்று. அக்குரலை அமைத்த கெல்லி, லோக்பாம் என்னும் இருவரும் 1962-இல் தம் முறையை விளக்கினர். மிடறு முதல் உதடு வரையுள்ள வழியை வெவ்வேறு அகலமுள்ள சிறு குழாய்களின் தொடராகக் கொண்டு, ஒரு குழாயினின்று மற்றொன்றிற் புகும் ஒலியலையில் எவ்வளவு முன்செல்லும், எவ்வளவு பின்திரும்பும் என்று கணக்கிடுவதே அம்முறை.

இதனைப் படித்தபோது யான் அடைந்த மகிழ்ச்சியைத் தமிழ் மாணவர் நன்கு உணர்வர். தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் பாடமாகக் கேட்டவனல்லனோ யான்? உந்தியினின்று எழுந்த காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தொலியாய்ப் பிறக்குமென ஆசிரியர் வகுத்துக் காட்டியதும் இவ்வழியே அன்றோ! அவர் குழாய்க்கணக்கு இயற்றினார் என்று கூறும் பேதைமை எனக்கில்லை. எனினும், ஓசையை ஓசையாக மட்டும் கேளாமல், அது பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்னும் நோக்கம் இருவர்க்கும் பொதுவென்று துணிந்து கூறுவேன்.

மென்பொருட் கருவி அமைப்பதில் இரு நெறிகள் உள்ளன. முதலாவது, உண்மைக் கருவியொன்றின் ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் வல்லவும் ஒலிப்பித்துப் பதிந்துவைத்து, கட்டை அழுத்தப்படும்போது அப்பதிவை எடுத்தொலிப்பது. இரண்டாவது, கருவி எவ்வாறு அதிர்கின்றது என்பதன் இலக்கணத்தைக் கணக்காக எழுதி, ஒலியை அவ்வப்போது புதிதாகப் பிறப்பிப்பது. முன்னதை மனப்பாடம் என்றும் பின்னதை இலக்கண அறிவு என்றும் யான் எனக்குள் வழங்கிவருகின்றேன். உரையாசிரியர் கூற்றை நெட்டுருச் செய்தவன் தேர்வில் அழகாகவே எழுதுவான். வினாவைச் சிறிது மாற்றிவிட்டால் திகைப்பான். பதிவுசெய்த கருவியும் அத்தகையதே. பதிந்த சுரத்தை மிக இனிமையாக ஒலிக்கும். இரு சுரங்களுக்கிடையே குழைந்து செல்லும் கமகத்தைக் கேட்டால், பதிவிலில்லாத அதனை எங்ஙனம் தருவதென்று இடர்ப்படும். இலக்கணம் கற்ற கருவியோ, முதலில் மழலைபோற் கரடாக ஒலிப்பினும், எவரும் முன் பேசாத தொடரைத் தானே பேசவல்லது. ஆதலின் யான் இரண்டாம் நெறியையே பற்றினேன்.

அந்நெறியின் அரிச்சுவடியாக அமைந்தது, கெவின் கார்ப்பிளஸ், அலெக்ஸ் ஸ்டிராங் என்னும் இருவர் 1983-இல் வெளியிட்ட முறை. மீட்டிய தந்தியின் ஓசையை இதனினும் எளிதில் ஆக்குதல் அரிது. 200 எண்களை மனம்போனபடி ஒரு வரிசையில் நிரப்புக. முதலெண்ணை ஒலிபெருக்கிக்கு அனுப்புக. பின்பு அவ்வெண்ணையும் அடுத்த எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி, வரிசையின் கடைசியிற் சேர்க்க. இதனையே விநாடிக்கு 44,100 முறை இடைவிடாது செய்க. அவ்வளவே! முதற்கண் இரைச்சலாயிருந்த எண்கள் ஒரு நொடிக்குள் தந்தியின் தெளிந்த நாதமாகி, மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். அடுத்தடுத்த இரண்டைச் சராசரி காண்பதனால் கூரிய ஏற்ற இறக்கங்கள் முதலில் மழுங்கும். மெல்லிய அலைகள் நெடிது நிற்கும். உண்மைத் தந்தியிலும் மேற்சுரங்கள் விரைந்தும் அடிச்சுரம் தாழ்ந்தும் அடங்குதலின், காது இதனைத் தந்தியென்றே ஏற்றுக்கொள்கின்றது. இவ்வெளிய கணக்கை என் பழைய மடிக்கணினியில் முதன்முறை ஒலிப்பித்த இரவில் யான் நெடுநேரம் உறங்கவில்லை.

ஆயின் எளிமைக்குள் ஓர் இடர்ப்பாடு மறைந்திருந்தது. 200 எண்களுள்ள வரிசை விநாடிக்கு ஏறத்தாழ 220 முறை சுழன்று அவ்வளவு அதிர்வுள்ள சுரத்தைத் தரும். மேற்சுரங்களுக்குச் செல்லச் செல்ல வரிசை குறுகுகின்றது. 25 எண்களாயின் ஏறத்தாழ 1,729 அதிர்வு. 24 எண்களாயின் 1,800 அதிர்வு. இவ்விரண்டிற்கும் இடையே அரைச்சுரத்தின் மூன்றிலிரு பங்குக்கு மேற்பட்ட பள்ளம் கிடக்கின்றது. இருபத்து நான்கரை எண்களை வரிசையில் அடுக்குதல் இயலாதன்றோ? வீணையிற் கமகம் பேசவேண்டுமாயின் சுருதி இடையறாது வழுக்கிச் செல்லவேண்டும். இதுவோ மாடிப்படியில் தாவுவதுபோலத் தாவும். அதே 1983-இல் டேவிட் ஜாஃபே, ஜூலியஸ் ஸ்மித் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். எல்லா அதிர்வுகளையும் வலிமை குன்றாது விடுத்து, காலத்தை மட்டும் எண்ணின் ஒரு பின்னமளவு தாழ்த்தும் சிறு வடிகட்டியொன்றைச் சுழலிற் சேர்த்தனர். மெய்யெழுத்திற்கு அரை மாத்திரையும் மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரையும் வகுத்த மொழியைப் பயில்வோனுக்கு, பின்னமின்றி இசையில்லை என்னும் இவ்வுண்மை எளிதில் மனத்திற் பதிந்தது.

இங்கே நம் நாட்டாரொருவரை நினையாமற் செல்லுதல் தகாது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சர் சி. வி. இராமன், 1930-இல் ஒளியாராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெறுவதற்குமுன், கல்கத்தாவில் நம் இசைக்கருவிகளை ஆராய்ந்துவந்தார். மிருதங்கத்தின் ஒலிகளைப்பற்றி 1920-இலும், வீணை தம்புராக்களைப்பற்றி 1921-இலும் அவர் எழுதினார். தந்தியை எவ்விடத்தில் மீட்டுகின்றோமோ அவ்விடத்தில் அசைவற்றுநிற்கும் மேற்சுரங்கள் ஒலியா என்பது மேனாட்டார் கண்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் அவையும் ஒலித்தலை இராமன் கேட்டறிந்தார். இக்கருவிகளின் குதிரை கூரிய விளிம்பாயிராமல் வளைந்த பரப்பாயிருத்தலின், அதிரும் தந்தி அதன்மேல் தழுவியும் விலகியும் செல்கின்றது; தம்புராவில் தந்தியின்கீழ் வைக்கும் நூல் இச்செயலை மிகுவிக்கின்றது. இதுவே நம் வீணைக்குரிய ரீங்காரத்தின் பிறப்பிடம். கார்ப்பிளஸ், ஸ்டிராங் கணக்கில் அக்குதிரைக்கு இடமில்லை. வீணையைக் கணிப்பொறியில் அமைக்க விழைவோன், அலை குதிரையை எட்டும்போதெல்லாம் அது வளைபரப்பைத் தொடுகின்றதா இல்லையா என்று வினவி விடைகாணுமாறு நிரலை விரித்தெழுத வேண்டும்.

நிரல் எழுதுவோனை ஆளும் அரசன் காலமே. தாய் மென்பொருள் பிளகினை நோக்கி, "அடுத்த 128 எண்களைத் தா" என்று கேட்கும். அதற்குள்ள தவணை ஒரு விநாடியை ஆயிரங்கூறாக்கியதில் ஏறத்தாழ மூன்று கூறு. அத்தவணைக்குள் எண்கள் சேராவிடின் ஓசை அறுந்து, 'டக்' என்னும் குறையொலி கேட்கும். ஆதலின் அவ்வேளையில் நிரல் கோப்பொன்றைத் திறந்து படித்தலாகாது. புதிதாக நினைவிடம் கேட்டலாகாது. பிற நிரலின் வேலை முடியட்டுமென்று காத்திருத்தலும் ஆகாது. வேண்டுவனவற்றையெல்லாம் முன்னரே ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். தவணையை நீட்டிப் பெருந்தொகுதியாகக் கேட்கலாமெனின், விரல் அழுத்துவதற்கும் ஓசை எழுவதற்குமிடையே தாமதம் புலனாகும். மூன்று கூறென்பது ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்லும் காலம். அஃது அருகிலமர்ந்தவன் வாசிப்பைக் கேட்பது போன்றதே. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாகக் கூறும் நம் இலக்கணம். ஓரிமைப்பை விநாடியில் மூன்றிலொரு பங்கென்று கொண்டால், அதற்குள் 14,700 எண்கள் பிறந்துவிடுகின்றன.

இனி என் வினாவிற்கு வருவேன். என் தாய்மாமன் ஆர்மோனியம் செப்பனிடும் தொழிலர். அவர் தந்தையாரும் அத்தொழிலரே. சுற்றுவட்டத்துத் திருச்சபைகளின் பெட்டிகளெல்லாம் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முன்னர் அவர் பட்டறைக்கு வந்துசேரும். யான் சிறுவனாயிருந்தபோது நவம்பர் மாதத்தில் அங்கே கால்வைக்க இடமிராது. சென்ற நவம்பரில் யான் எண்ணியபொழுது இருந்தவை மூன்றே பெட்டிகள். பெரும்பாலான ஆலயங்களில் மின்கட்டைகள் வந்துவிட்டன. ஆலயப் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய யான், அப்பட்டறையின் ஓசையையே ஒரு பிளகினாக அமைக்கத் துணிந்து, ஆறு திங்கள் உழைத்து, அவர்முன் கொண்டுபோய் ஒலிப்பித்துக் காட்டினேன். கண்மூடிக் கேட்ட மாமன், "மருமகனே, பெட்டி பாடுகிறது, ஆனால் மூச்சு விடவில்லையே!" என்றார்.

அச்சொல்லை முகமன் மறுப்பென்று கொள்ளாமல் அளக்கத்தக்க உண்மையென்றே கொண்டு, "மூச்சென்பது எது மாமா?" என்று வினவினேன். அவர் உளியையும் அரத்தையும் கீழே வைத்துவிட்டு மாலைமுழுதும் பாடம் சொன்னார். ரீடு என்னும் பித்தளை நாக்கு காற்றால் அசைவது. துருத்தியை அழுத்தி இழுத்தால் அதன் சுருதி இம்மியளவு தாழும். ஐந்து கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் பெட்டிக்குள் காற்று விரைந்து செலவாகி எல்லாச் சுரங்களும் சிறிது தளரும். தாழ்ந்த சுரத்தின் பெரிய நாக்கு சோம்பேறி, காற்றுப்பட்டவுடன் பேசாது. 65 அதிர்வுள்ள நாக்கு ஒருமுறை அசைவதற்கே விநாடியின் ஆயிரத்தில் பதினைந்து கூறு வேண்டுமாதலின், அது முழுக்குரல் பெறுமுன் பல அசைவுகள் கழிந்துவிடும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். இரட்டை நாக்குள்ள பெட்டியில் ஒன்று 440-உம் மற்றொன்று 442-உமாக இருப்பின் விநாடிக்கு இருமுறை ஓசை அலையும். அவ்வலைவை அவர் கடிகாரமின்றியே எண்ணுவார்.

அவர் கூறியவற்றை ஒவ்வொன்றாகக் கணக்காக்கினேன். பெட்டிக்குள் உள்ள காற்றழுத்தத்திற்கு ஓர் எண்; திறந்த ஒவ்வொரு நாக்கும் அவ்வெண்ணினின்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும்; துருத்தி அதனை நிரப்பும்; நாக்கின் சுருதியும் வலிமையும் விரைவும் அவ்வொரே எண்ணை நோக்கி அசையும். அடுத்தமுறை கேட்டபோது மாமன் ஒன்றும் பேசவில்லை. தாழ்ந்த சுரமொன்றை இரண்டு மூன்று முறை அழுத்திக் கேட்டுத் தலையசைத்தார். எந்தத் தேர்விலும் யான் பெறாத பரிசு அது.

பரிசு பெற்ற பத்தாம் நாளில் வந்தது சோதனை. அம்மூன்று பெட்டிகளுள் ஒன்றை அனுப்பியிருந்த சிற்றூர்ச் சபையார் என் பிளகினைக் கேள்வியுற்று, "பெட்டியைச் செப்பனிடும் செலவு எங்கட்கு ஆற்றாது; தம்பி, உம் கருவியை எங்கள் கணினியில் வைத்துத் தாரும்" என்று கேட்டனர். அவர்கள் ஏழையர், விழாவோ நெருங்கிற்று, பிள்ளைகள் பாடப் பழகிக்கொண்டிருந்தனர். கொடுத்தால் மாமன் கூலியில் மூன்றிலொன்று போம். மறுத்தால் பாட்டிற்குத் துணையிராது. மாமனிடமே சென்று உரைத்தேன். "கொடு, பிள்ளைகள் பாட்டு நிற்கலாகாது" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தப் பெட்டியை இனி எவரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. அதில் நீ ரீடு தேய்க்கப் பழகு" என்றார். பிளகினில் அவர் பெயரைப் பொறிக்க விரும்பினேன். "பெயர் எதற்கு? இத்தொழிலுக்கு இரண்டு பிள்ளைகள் வேண்டும்" என்பதே அவர் விடை. இதுவரை சென்றவன் யான் ஒருவனே. சனிக்கிழமைதோறும் அப்பெட்டியின் நாக்குகளை எடுத்து அரம் பிடிக்கப் பயில்கின்றேன்.

புதுக்கருவி பழையதை ஒதுக்குவது உலகியல் என்பர் சிலர். ஆர்மோனியமும் ஒருகாலத்திற் புதிதாக வந்ததே. 1840-களில் பிரான்சு நாட்டிற் பிறந்து, பாதிரிமார் கைவழியாகவும் பிறர் கைவழியாகவும் இந்நாடு புகுந்தது. கமகம் பேசாத அயற்கருவி என்று கூறி அகில இந்திய வானொலியார் 1940-இல் அதனை விலக்கினர். அவ்விலக்கு 1971-இல்தான் தளர்ந்தது. எனவே, "இதற்கு உயிரில்லை" என்னும் பழிச்சொல்லை மாமன் பெட்டியும் கேட்டதுண்டு. இவ்வாதம் எனக்கு ஓரளவே ஆறுதல் தருகின்றது. ஏனெனில், ஆர்மோனியம் ஊர்தோறும் தன்னைச் செப்பனிட ஒருவனை வேண்டி நின்றது. ஒரு தொழிலை அழித்திருப்பினும் மற்றொன்றைப் படைத்தது. என் பிளகினோ ஒருமுறை எழுதப்பெற்றபின் ஆயிரம் படியாகப் பெருகும்; எவ்வூரிலும் எவனுக்கும் அது கூலி கொடாது. தேய்வதுமில்லை, பழுதுபார்க்க வேண்டுவதுமில்லை. அதன் நன்மை எதுவோ அதுவே அதன் கொடுமையாகவும் இருத்தலை யான் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் இம்முயற்சியை விட்டொழிக்க என் மனம் ஒருப்படவில்லை. மாமன் காதில் அறுபதாண்டாகத் திரண்ட அறிவு எந்நூலிலும் எழுதப்பெறவில்லை. அதனைச் சொல்லாக்கவும் கணக்காக்கவும் என்னைத் தூண்டியது இப்பிளகினே. அரமும் நாக்கும் மட்டும் இருந்திருப்பின், யான் அவரிடம் அவ்வினாக்களை வினவியிரேன். ஆனால் கணக்கு மட்டும் எஞ்சி, காதும் கையும் மறைந்தொழியுமாயின், பிற்காலத்தார் அக்கணக்கு சரியோ தவறோ என்று யாரைக் கேட்பர்? நூல்களெல்லாம் அச்சேறிய பின்னும் அவற்றை வாய்திறந்து ஓதும் ஆசிரியர் வேண்டுமன்றோ? அதுபோல, கருவியின் இலக்கணம் நிரலில் எழுதப்பெற்ற பின்னும் கருவியை அறிந்தார் வேண்டும்.

ஆகவே எனக்கு யானே இரு விதிகள் வகுத்துக்கொண்டேன். எக்கருவியின் ஓசையை எண்ணாக்கப் புகுகின்றேனோ, அக்கருவியை ஆக்குவோர் அல்லது செப்பனிடுவோர் ஒருவரிடமேனும் அமர்ந்து முதலிற் பயில வேண்டும் என்பது ஒன்று. அக்கருவியால் எனக்குப் பொருள் வருமாயின், அவர்க்குரிய பங்கை அவர் கேளாமுன் கொடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. இவை பேரூர்களிலுள்ள பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தா என்பதனை அறிவேன். இவற்றால் என் மாமன் பட்டறையில் அடுத்த நவம்பரில் பெட்டிகள் பெருகுமென்றும் உறுதி கூறேன். என் கையளவுள்ள செயல் இதுவாதலின் இதனைச் செய்கின்றேன்.

இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கும் பழைய மாணவப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். இயற்பியலும் கணிப்பொறியும் பயில்வோர் நம் கல்லூரியிற் பலர் உளர். தம் ஊரில் தவில் கட்டுவோரையும், வீணைக்கு மெழுகேற்றி மெட்டு வைப்போரையும், நாகசுரத்திற்குச் சீவாளி செய்வோரையும் அறிந்தோரும் பலர் உளர். இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் ஒருமுறை கண்டு உரையாடினால், எத்துணையோ நுட்பங்கள் மறையாது நிற்கும், எண்ணும் பொய்யுரையாது. தமிழ் வகுப்பிலுள்ள எம்மை அழைப்பீராயின், அவர் கூறும் சொற்களைக் கேட்டு எழுதித்தர யாம் வருவோம். இரண்டாம் பிள்ளையாக ரீடு தேய்க்கப் பழகும் விருப்பம் உங்களுள் எவர்க்கேனும் உண்டாயின், விடுதியில் என்னை வந்து காண்க. சனிக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் ஒருங்கே செல்லலாம்.